ஸ்ரீநகரின் முகலாய நீர்த்தோட்டங்கள்: முதல்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்ரீநகரில் தால் ஏரியின் கிழக்குக் கரையில், சபர்வான் மலையடிவாரத்தில், சஷ்மே ஷாஹி, நிஷாத் பாக், ஷாலிமார் பாக் என்னும் மூன்று முகலாயத் தோட்டங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து குடும்பமாகச் செல்பவர்கள் பலர் இந்த மூன்றையும் ஒரே மதியத்தில் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு, பூக்கள் நன்றாக இருந்தன என்று மட்டும் சொல்லித் திரும்புவதைக் கண்டிருக்கிறேன். இவை பூந்தோட்டங்களாகத் திட்டமிடப்பட்டவை அல்ல. மலையிலிருந்து இறங்கும் நீரைத் தளம் தளமாக நடத்தி, விழச் செய்து, தேக்கி, மீண்டும் ஓடவிட்டு ஏரியில் சேர்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. எனவே எந்த மாதத்தில் போவது, நாளின் எந்த நேரத்தில் நுழைவது, எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்ற எல்லா முடிவுகளையும் நீரை வைத்தே எடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தைக் கெடுக்கக்கூடியவை சிம் அட்டை, அடையாள ஆவணம், வண்டிக் கட்டணம், விமான நிலையச் சோதனை போன்ற சாதாரண விஷயங்கள். நான் அங்கே போய்த்தான் இவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் வீட்டிலிருந்தே தயாராகச் செல்லலாம்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தோட்டத்துக்கு வரும் நீர் மலையிலிருந்து வருகிறது. ஷாலிமாருக்கான நீர் ஹர்வான் பக்கத்திலிருந்து வரும் ஓடையின் நீர். பனி உருகும் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் வரை ஓட்டம் வலுவாக இருப்பது இயல்பு. நீரைப் பார்ப்பதே நோக்கம் என்றால் மே மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நம் பள்ளி விடுமுறையும் அப்போது வருவதால் வசதிதான், ஆனால் வட இந்தியாவிலிருந்தும் கூட்டம் வருவதால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் ஏறியிருக்கும்.

மார்ச் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் துலிப் தோட்டம் திறந்திருக்கும். அது சஷ்மே ஷாஹிக்கு அருகிலேயே இருப்பதால் அந்த வாரங்களில் ஏரிக்கரைச் சாலை முழுவதும் வாகனங்கள் தேங்கி நிற்கும். துலிப்பையும் முகலாயத் தோட்டங்களையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால், சாலையிலேயே பாதி நாள் போய்விடும். துலிப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்குத் தனியாக ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் முதல் பாதி வரை சினார் மரங்கள் செம்பொன் நிறமாக மாறும். அப்போது கூட்டம் குறைவு, ஒளி அழகாக இருக்கும், ஆனால் ஓடையில் நீர் வசந்த காலத்தைவிடக் குறைந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனியைப் பார்க்கலாம், நீரூற்றுகளைப் பார்க்க முடியாது. டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்கிறார்கள். அந்த நாட்களில் தண்ணீர்க் குழாய்களே உறைந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குளிர்காலத்தில் பனி குறைவாகப் பெய்த ஆண்டுகளில் வசந்தத்திலேயே நீர் குறைந்திருக்கும். 2025 பிப்ரவரியில், தெற்குக் காஷ்மீரிலுள்ள மற்றொரு முகலாயத் தோட்டமான அச்சபலின் ஊற்று வற்றிப்போனது. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் நீங்கள் தங்கப்போகும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசி, இந்தப் பருவத்தில் ஷாலிமாரில் நீர் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். தினமும் விருந்தினரை அனுப்பிவைப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

2. ஆவணங்களை எடுத்துவையுங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு ஸ்ரீநகர் செல்லத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால் முகவரியுடன் கூடிய அடையாள ஆவணம் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் விடுதிகளும் படகு வீடுகளும் அதை ஏற்பதில்லை. குழந்தைகளுக்கும் ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழ் நகல் வைத்திருங்கள். சஷ்மே ஷாஹிக்கும் அதற்கு மேலே மலைச்சரிவில் உள்ள பரி மஹல் என்னும் முகலாயத் தோட்டத்துக்கும் செல்லும் சாலை துணைநிலை ஆளுநர் மாளிகை இருக்கும் பகுதி வழியே போவதால், அங்கே வண்டியை நிறுத்தி அடையாள அட்டை கேட்பது வழக்கம். அசல் ஆவணம் அறையில் பெட்டிக்குள் இருந்தால் அங்கே பயன்படாது, உடன் எடுத்துச் செல்லுங்கள். சோதனைச் சாவடிகளில் பணியில் இருக்கும் மத்தியப் படைவீரர்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு. ஊரின் பெயரைச் சொன்னால் வேலை முடிந்ததும் இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலிருந்து வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு படி இருக்கிறது. ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்கியதும் வெளிநாட்டவர் பதிவுக்கான படிவத்தைப் பூர்த்திசெய்து கொடுக்க வேண்டும். தங்கும் இடத்தின் பெயரும் முகவரியும் அதில் கேட்கப்படும் என்பதால் அவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். கடவுச்சீட்டின் முதல் பக்கம், இந்திய விசா ஆகியவற்றின் நகல்கள் இரண்டிரண்டு இருந்தால் விடுதியிலும் நேரம் மிச்சமாகும். செயற்கைக்கோள் தொலைபேசியையும், மலையேறுபவர்கள் பயன்படுத்தும் செயற்கைக்கோள்வழிச் செய்திக் கருவியையும் கொண்டுவரவே வேண்டாம். முன் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம்.

ட்ரோனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஸ்ரீநகர் மாவட்ட நிர்வாகம் 2021-இல் ட்ரோன்களை வைத்திருப்பதற்கும் பறக்கவிடுவதற்கும் தடை விதித்தது. தோட்டத்தை மேலிருந்து படமெடுக்கும் ஆசையில் பயணமே சிக்கலில் முடியக்கூடாது.

3. சிம் அட்டையையும் பணத்தையும் சரிசெய்யுங்கள்

பலரை முதல் நாளே திணறடிப்பது இதுதான். பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. எவ்வளவு ரீசார்ஜ் செய்திருந்தாலும் பயனில்லை. போஸ்ட்பெய்டு மட்டுமே இயங்கும். அலைபேசி இணைப்பு இல்லையென்றால் அழைப்பு மட்டுமல்ல, ஓடிபி வராது, யுபிஐ மூலம் பணம் செலுத்த முடியாது, வாடகை வண்டி ஓட்டுநர் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது, திரும்பும் நாளில் போர்டிங் பாஸைக்கூடப் பதிவிறக்க முடியாது.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, குடும்பத்தில் ஒருவருடைய எண்ணையாவது கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்வது. கடைசி நாளில் விண்ணப்பித்தால் மாற்றம் நடந்து முடியும் முன் விமானம் ஏறிவிடுவீர்கள். மாற்றிய பிறகு உடனே ப்ரீபெய்டுக்குத் திரும்ப முடியாது, குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும் என்பதால் மாதக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஸ்ரீநகரில் இறங்கி உள்ளூர் ப்ரீபெய்டு சிம் வாங்குவது. ஆதார் வேண்டும், அது செயல்படச் சில மணி நேரம் ஆகலாம். மூன்றாவது, விடுதியின் வைஃபையை மட்டும் நம்பியிருப்பது. வெளியே சென்றால் தொடர்பே இருக்காது என்பதால் பெரியவர்களுடன் செல்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். தோட்ட நுழைவுச்சீட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம், ஷிகாரா எனப்படும் துடுப்புப் படகு, தேநீர் எல்லாவற்றுக்கும் சில்லறையாகப் பணம் தேவைப்படும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களைச் சென்னையிலேயே சேர்த்து எடுத்துச்செல்வது மிக உதவும்.

4. போய்ச்சேரும் வழி

விமானத்தில் செல்பவர்கள் பெரும்பாலும் டெல்லியில் மாற வேண்டியிருக்கும். இரண்டு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதுக்கான பணம் போனதுதான். கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து ஒரு வழிக் கட்டணமே 10,000 ரூபாயைத் தாண்டுவது வழக்கம், ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ரயிலில் செல்பவர்களுக்கு 2025 ஜூன் முதல் ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. ஜம்முவுக்கு அருகிலுள்ள கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து கட்ரா வரை செல்ல, சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸும் கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் இருக்கின்றன. ஹிம்சாகரில் மூன்று நாட்கள் அளவுக்குப் பயணம் செய்ய வேண்டும். நீண்ட தூர ரயில் தாமதமாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், கட்ராவில் ஓர் இரவு தங்கி மறுநாள் வந்தே பாரத்தில் ஏறும்படி திட்டமிடுங்கள். ஒவ்வொரு வந்தே பாரத்தும் வாரத்தில் ஒரு நாள் ஓடாது என்பதையும் முன்பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகர் ரயில் நிலையம் நகரத்துக்கு வெளியே நவ்காமில் இருக்கிறது, தால் ஏரிக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

ஜம்முவிலிருந்து சாலை வழியே செல்வதாக இருந்தால் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ராம்பன் பகுதியில் மழைக்காலத்தில் மண்சரிவால் நெடுஞ்சாலை மூடப்படுவது அடிக்கடி நடக்கிறது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பாதுகாப்பு நிலவரத்தையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பிறகு படிப்படியாகத்தான் திறக்கப்பட்டன. விடுதியை முன்பதிவு செய்யும்போது, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தையே தேர்ந்தெடுங்கள், சற்று அதிகமானாலும் பரவாயில்லை.

5. தங்குமிடம்

தோட்டங்களுக்கு நடந்தே செல்லும் தொலைவில் தங்க விரும்பினால் நிஷாத் அல்லது ஷாலிமார் பகுதியிலுள்ள சிறு விடுதிகளைப் பாருங்கள். காலையில் கூட்டம் வருவதற்கு முன் உள்ளே நுழைய அதைவிட நல்ல வழி இல்லை. உணவகம், கடை, பேருந்து எல்லாம் பக்கத்தில் வேண்டுமென்றால், ஏரியின் நகரப் பக்க முனையிலுள்ள தால்கேட் வட்டாரம் வசதி. சைவ உணவகங்களும் அங்கேதான் அதிகம். படகு வீட்டில் தங்குபவர்கள், கரைக்கும் படகு வீட்டுக்கும் இடையிலான ஷிகாரா கட்டணம் வாடகையில் அடங்குமா, இரவு எத்தனை மணி வரை அது கிடைக்கும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. வண்டியைப் பேசிமுடியுங்கள்

தால்கேட்டிலிருந்து ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையில் முதலில் சஷ்மே ஷாஹிக்கான கிளைச்சாலை வரும், பிறகு நிஷாத், அதற்கு அப்பால் சில கிலோமீட்டரில் ஷாலிமார். நகர மையமான லால் சௌக்கிலிருந்து ஷாலிமாருக்கு 15 கிலோமீட்டர் அளவு தூரம்.

வாடகைக் கார் ஓட்டுநர்கள் ‘முகல் கார்டன்’ என்று ஒரு முழுத் தொகை சொல்வார்கள். பெரும்பாலும் 2,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் பேச்சு நிற்கும். தொகையைவிட முக்கியமானவை வேறு: எந்தெந்தத் தோட்டங்கள் அதில் அடங்கும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், வண்டி நிறுத்தக் கட்டணம் யாருடையது. இவற்றைப் பேசாமல் ஏறினால், ‘ஒவ்வொரு தோட்டத்துக்கும் அரை மணி’ என்று உள்ளே நுழையும் இடத்தில்தான் சொல்வார்கள். ஷாலிமாருக்கும் நிஷாத்துக்கும் தலா இரண்டு மணி நேரம் வேண்டும் என்பதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். வாடகை வண்டி நிறுத்தங்களில் ஓட்டுநர் சங்கத்தின் கட்டணப் பட்டியல் இருக்கும், அதைக் கேட்டுப் பார்க்கலாம். பிற மாநிலத்திலிருந்து வாடகை வண்டியில் வந்திருந்தாலும், உள்ளூர்ச் சுற்றுலாவுக்கு உள்ளூர் வண்டியைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

வழியில் சால்வைக் கடை, குங்குமப்பூக் கடை என்று நிறுத்துவதும் வழக்கம். ஓட்டுநருக்கு அங்கே தரகு உண்டு. வேண்டாம் என்று ஏறும்போதே மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலோர் மதிப்பார்கள்.

தனியாகவோ இருவராகவோ செல்பவர்களுக்கு ஏரிக்கரைச் சாலையில் ஓடும் பேருந்துகளே போதும். ஸ்ரீநகர் ஸ்மார்ட் சிட்டியின் மின்பேருந்துகள் வந்த பிறகு இது இன்னும் வசதியாகிவிட்டது. கட்டணம் சில பத்து ரூபாய்தான். யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள் என்பதால், நீரைப் பார்க்க விரும்புபவர்களுக்கு இதுவே சிறந்த வழி என்று நான் கருதுகிறேன்.

7. நாளின் வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள்

தோட்டங்கள் ஏரிக்குக் கிழக்கே, மலைக்கு மேற்கே இருக்கின்றன. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழுவதால் காலையில் தோட்டத்துக்குள் வெயில் தாமதமாக வரும், மலை கருமையாகத் தெரியும். பிற்பகலில் மேற்கு வெயில் நேராக விழுந்து மலையும் நீரும் ஒளிரும். இந்த ஒன்றை வைத்தே வரிசையை முடிவுசெய்யலாம்.

காலையில் திறந்தவுடன் ஷாலிமார். அது மூன்றிலும் அதிகக் கூட்டம் வரும் தோட்டம் என்பதால், முதல் ஒரு மணி நேர அமைதி மிகவும் பயன்படும். பிறகு மதிய உணவு. அடுத்து சஷ்மே ஷாஹி. மிகச் சிறிய தோட்டம், முக்கால் மணி நேரம் போதும். ஊற்று நீரைப் புட்டியில் பிடித்துச் செல்ல உள்ளூர் மக்களும் வருவார்கள், ஆகவே வரிசையில் பொறுமையாக நில்லுங்கள். மாலை நான்கு மணியளவில் நிஷாத்துக்குள் நுழைந்து மேல் தளம் வரை ஏறி, சூரியன் ஏரிப் பக்கம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம்.

பரி மஹலைச் சேர்க்க விரும்பினால் சஷ்மே ஷாஹியிலிருந்தே மேலே செல்லலாம். காட்சி மிக அழகானது, ஆனால் அங்கே அருவிகளோ நீரோடும் கால்வாய்களோ கிடையாது. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பரி மஹலை விட்டுவிட்டு, அந்த நேரத்தை நிஷாத்தில் செலவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக் குடும்பங்கள் கம்பளமும் சமாவார் என்னும் தேநீர்க் கொதிகலமும் கொண்டுவந்து புல்வெளியில் அமர்வார்கள். தோட்டம் உயிரோட்டமாக இருக்கும், ஆனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மதியம் ஹஸ்ரத்பால் பள்ளிவாசல் பக்கம் தொழுகை நெரிசல் இருக்கும். செவ்வாயோ புதனோ அமைந்தால் நல்லது. ஆனால் ஒவ்வொரு தோட்டமும் பராமரிப்புக்காக மூடப்படும் நாள் எது என்று முந்தைய மாலையே விடுதியில் கேட்டுவிடுங்கள்.

8. உள்ளே நுழைந்த பிறகு: நீரை எப்படிப் பார்ப்பது

நுழைவுச்சீட்டு ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி, விலை 100 ரூபாய்க்குள்தான். சீட்டு வாங்கும்போதே ‘ஃபவ்வாரே கப் சல்தே ஹை?’ என்று கேளுங்கள். நீரூற்றுகள் எப்போது இயங்கும் என்பது அதன் பொருள். அவை நாள் முழுவதும் இயங்கும் என்று எண்ணிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். பதிலைப் பொறுத்து, முதலில் மேலே போவதா கீழே இருப்பதா என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.

இரண்டு பெரிய தோட்டங்களிலும் இன்றைய நுழைவாயில் கீழ்ப் பக்கம் இருக்கிறது. அக்காலத்தில் படகில் ஏரி வழியே வந்து இறங்கி, நீர் வரும் திசையை எதிர்நோக்கி மேலே ஏறுவார்கள். நாமும் அதே திசையில்தான் ஏறுகிறோம். ஆனால் முதல் தளத்திலேயே பூப்பாத்திகளும் புகைப்படக்காரர்களும் இருப்பதால், வந்தவர்களில் பலர் அதற்கு மேல் போவதில்லை. இந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள். தோட்டத்தின் சிறந்த பகுதி மேலே இருக்கிறது.

ஷாலிமார் 1619-இல் ஜஹாங்கீர் கட்டத் தொடங்கியது. நடுக் கால்வாயின் நீளம் 587 மீட்டர், தளங்கள் மூன்று. முதல் தளத்தின் பொதுமண்டபத்தில், நீர் விழும் இடத்துக்கு மேலேயே ஒரு கரிய பளிங்கு இருக்கையைக் காணலாம். அரசர் அமர்ந்த இடத்துக்கு அடியில் நீர் ஓடியது. அங்கே இரண்டு நிமிடம் நின்று கவனியுங்கள், சுற்றியிருக்கும் பேச்சுச் சத்தத்தை நீரின் ஓசை மூடிவிடுவதை உணர்வீர்கள். மூன்றாம் தளம் அரச குடும்பத்துப் பெண்களுக்கானது. அதன் நடுவே, நான்கு பக்கமும் நீர் சூழ, நீரூற்றுகளுக்கிடையே கரும் பளிங்கு மண்டபம் நிற்கிறது. ஷாலிமாருக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியையாவது இங்கே செலவிடுங்கள். மண்டபத்தின் உள்ளே நின்று நான்கு திசையிலும் பார்த்தால்தான் நீரின் நடுவே இருக்கும் அந்த அமைப்பு விளங்கும். நீர் விழும் சுவர்களில் வரிசையாகச் சிறு மாடங்கள் இருப்பதையும் கவனியுங்கள். அவற்றுக்குச் சீனிகானா என்று பெயர். பகலில் பூக்களையும் இரவில் விளக்குகளையும் அவற்றில் வைப்பார்கள், அவற்றுக்கு முன்னால் நீர்த்திரை விழும். மண்டபங்களின் கூரையிலுள்ள காகிதக்கூழ் வேலைப்பாட்டை அண்ணாந்து பாருங்கள், தொட வேண்டாம். சில நேரம் பராமரிப்புப் பணிக்காக ஏதாவது ஒரு மண்டபம் மறைக்கப்பட்டிருக்கலாம்.

நிஷாத் வேறு இயல்புடையது. நூர்ஜஹானின் அண்ணன் ஆசிஃப் கான் 1633-இல் அமைத்த இத்தோட்டத்தில், ராசிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பன்னிரண்டு தளங்கள் இருப்பதாகச் சொல்வது மரபு. ஷாலிமாரில் நிலம் மெதுவாக உயர்கிறது, இங்கே செங்குத்தாக உயர்கிறது. அதனால் நீர் ஓடுவதைவிட விழுவதையே இங்கே அதிகம் பார்க்கலாம். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு இறங்கும் சரிவுக் கற்களில் அலை அலையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சாதர் என்று அழைக்கப்படும் அந்தச் சரிவில் வழியும் மெல்லிய நீரும் செதுக்கில் மோதி வெண்ணுரையாகிவிடும். சரிவுக்குப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் செதுக்கு தெளிவாகத் தெரியும். சரிவுகளின் தலைப்பில், கால்வாய்க்குக் குறுக்கே கல் இருக்கைகள் இருக்கின்றன. ஏறி அமர்ந்து படமெடுப்பதைக் காவலர்கள் தடுத்தால் மறுபேச்சின்றி இறங்கிவிடுங்கள். அந்தக் கற்கள் ஏற்கெனவே தேய்ந்திருக்கின்றன.

மேல் தளத்தைப் பெரும் தாங்குசுவர் ஒன்று பிரிக்கிறது. அதன் இரு முனைகளிலும் எண்கோணக் கோபுரங்கள் உள்ளன. அந்தத் தளத்துக்கு ஏறித் திரும்பி நின்றால், தளங்கள் ஒவ்வொன்றாக இறங்கி, நடுக் கால்வாய் நேராக ஏரியைச் சுட்டும் காட்சி கிடைக்கும். கீழே சாலை குறுக்கிட்டுத் தோட்டத்தை ஏரியிலிருந்து பிரித்திருக்கிறது. ஆனால் மேலிருந்து பார்க்கும்போது மரங்கள் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன. இந்த இடத்துக்கு ஏறாமல் நிஷாத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களுடன் செல்பவர்கள் ஷாலிமாரைத் தேர்ந்தெடுங்கள், அதன் ஏற்றம் மெதுவானது. நிஷாத்திலும் சஷ்மே ஷாஹியிலும் படிகள் அதிகம். கால்வாய் ஓரக் கற்கள் பாசியால் வழுக்கும் என்பதால் குழந்தைகளுக்குப் பிடிப்புள்ள காலணி போடுங்கள். மேலே ஏறும் முன் நுழைவாயில் பக்கமுள்ள கழிப்பறையைப் பயன்படுத்திவிடுவது நல்லது.

9. பணம் வீணாகும் இடங்கள்

காஷ்மீர் உடை அணிவித்துப் படமெடுப்பவர்கள் சொல்லும் தொகை பெரும்பாலும் ஒரு படத்துக்கானது. அவர்கள் முப்பது படங்கள் எடுத்துவிட்டு மொத்தத்துக்கும் கணக்குச் சொல்வார்கள். ‘இத்தனை படம், இவ்வளவு பணம், உடை வாடகை உட்பட’ என்று முதலிலேயே தெளிவாகப் பேசுங்கள். அவர்களின் பிழைப்பு அது, கடுமையாகப் பேசத் தேவையில்லை.

ஷிகாராவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் படித்துறைகளில் பலகையாக வைக்கப்பட்டிருக்கும். பலகையைப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை கேட்பார்கள். கட்டணம் ஆளுக்கா படகுக்கா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நிஷாத் வரை படகில் சென்று, பேருந்தில் திரும்புவது அழகான ஏற்பாடு. அதற்குப் போக மட்டும் என்று சொல்லிப் பேச வேண்டும். ஏரியில் மற்றப் படகுகள் வந்து ஒட்டி நின்று பொருள் விற்பார்கள், வேண்டாமென்றால் தலையசைத்தால் போதும்.

தோட்டத்துக்குள் தனியே வழிகாட்டி அமர்த்துவது அவசியமில்லை. நீர் வரும் திசையில் நடந்தாலே வழி தெரிந்துவிடும்.

10. திரும்பும் நாள்

ஸ்ரீநகர் விமான நிலையம் விமானப்படைத் தளமும்கூட. முனையக் கட்டடத்துக்கு வெகு முன்பே, வெளி வாயிலில் பெட்டிகளை இறக்கி ஸ்கேன் செய்து, பயணிகளையும் சோதித்த பிறகுதான் வண்டி உள்ளே விடப்படும். பிறகு முனையத்தின் வாயிலிலும் உள்ளேயும் மீண்டும் சோதனைகள். விடுமுறைக் காலத்தில் வெளி வாயிலிலேயே நீண்ட வரிசை நிற்கும். விமானம் கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அந்த வெளி வாயிலில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, தால் ஏரிப் பக்கமிருந்து மேலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள். அச்சிட்ட பயணச்சீட்டும் அடையாள அட்டையும் கையிலேயே இருக்கட்டும். பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள், பெரிய பெட்டியில் இருந்தால் திறந்து எடுக்கச் சொல்வார்கள். ஓடுதளத்திலும் சுற்றிலும் படமெடுக்கத் தடை உண்டு, விமானத்தின் ஜன்னல் மறைப்பை மூடச் சொன்னால் மூடிவிடுங்கள்.

காலை விமானம் என்றால் அன்று தோட்டம் எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள். மாலை விமானம் என்றால், அறையைக் காலி செய்து பெட்டிகளை விடுதி வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, முதல் நாள் அவசரத்தில் விட்டுப்போன ஒரே ஒரு தோட்டத்துக்கு, திறக்கும் நேரத்தில் சென்று, பத்தரை மணிக்குள் வெளியே வந்துவிடலாம்.